பட்டியலில் இல்லாத டீச்சருக்கு

கண்ணு,

இன்றைக்குக் காலையில் நல்ல மழை. நம் தெருவில் மழை வந்தால் முதலில் வருவது சாய வாசம்தான். சாயப்பட்டறைகளில் தேக்கி வைத்த தண்ணியை மழையோடு மழையாகத் திறந்துவிடுகிறார்கள் போல. சாக்கடையில் ஒரு ஓரம் நீலமாகவும் ஒரு ஓரம் கத்தரிப்பூ நிறமாகவும் ஓடியது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என்னை அறியாமல் உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருக்கும் மூட்டையிலிருந்து ஒரு வெள்ளை பனியன் துண்டை உருவினேன். நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற அந்தத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவதை நான் இன்னும் நிறுத்தவில்லை. எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

துண்டை போர்வெல் தண்ணியில் முக்கிக் கொடியில் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். நீ இருந்திருந்தால் சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய்.

நீ சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்றபோது அது என்ன படிப்பு என்று எனக்குப் புரியவில்லை. உன் மாமாவுக்குப் புரிந்தது. அண்ணன் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் அல்லவா. இனிமேல் எல்லாப் பட்டறைக்காரர்களும் தண்ணியைச் சுத்தம் செய்ய வேண்டிவரும், அதற்கு லேப் வைப்பார்கள், லேபுக்குப் படித்த பிள்ளை வேண்டும் என்பது அவர் கணக்கு. நீ படிப்பை முடித்த கையோடு வேலையும் சொல்லிவைத்துவிட்டு வந்தார். நீ தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்.

"தண்ணி எப்படி இருந்தாலும் அவிய சொல்ற நம்பரைத்தானுங்க மாமா நான் எழுதிக் குடுக்கோணும்? அதுக்கு எதுக்கு மூணு வருசம் படிச்சேன்?"

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. உன்னைய வாத்திச்சியாத்தான் அனுப்போணும்" என்றார் அண்ணன். கோபத்தில் சொன்னது. நீ அதையே பிடித்துக்கொண்டாய்.

நம் பக்கத்து மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் உன்னை உடனே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் சுற்றுச்சூழல் பாடம் எடுக்க அங்கே ஆள் இல்லை. சீக்கிரம் பி.எட். முடித்துவிடும்மா என்று மட்டும் சொன்னார்கள். நீயும் அதை மூன்றாம் நாளே ஆரம்பித்துவிடலாம் என்பது போலக் கிளம்பினாய்.

திரும்பி வந்த அன்று நீ சிரித்துக்கொண்டே வந்தாய். பி.எட். சேர வேண்டுமென்றால் டிகிரியில் படித்தது பள்ளிக்கூடத்துப் பாடமாக இருக்க வேண்டுமாம். கணக்கு, இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களாம். உன் படிப்பு அதில் இல்லை.

"அந்தப் பாடம் பள்ளிக்கூடத்துல இருக்குதே கண்ணு. தெனமும் நீ அதைத்தான நடத்தற?" என்று கேட்டேன்.

"இருக்குதும்மா. ஆனா அதை நடத்தோணும்னா, அதைத் தவிர வேற எதையாச்சும் படிச்சிருக்கோணும்."

சொல்லிவிட்டு, புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாய். நான் தண்ணி எடுக்கப் போனேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு நீ ஏறாத படி இல்லை. மறுபடி முதலிலிருந்து விலங்கியல் படித்துவிட்டு வா என்றார் ஒருவர். மேல்படிப்பு முடி, அப்புறம் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். கோயம்புத்தூரில் கேட்டதற்கு, உன் படிப்பு தாவரவியலுக்குச் சமம் என்று ஒரு சான்று கிடைத்தால் போதும், ஆனால் அதை முடிவு செய்ய ஒரு கமிட்டி கூட வேண்டும் என்றார்களாம். கமிட்டி கூடுவதை எங்கள் கம்பெனிக்குத் துணி வாங்குகிற பையர் வருகிற நாளைப் போல நான் நினைத்துக்கொண்டேன். வருவார்கள், பீசை விரித்துப் பார்ப்பார்கள், பாஸ் என்றோ ரிஜெக்ட் என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள். ரிஜெக்ட் ஆன பீசுக்குக்கூட காதர்பேட்டைக் கடைகளில் ஒரு இடம் இருக்கிறது. உன்னை அவர்கள் பாஸும் சொல்லவில்லை, ரிஜெக்டும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் நீ இந்த வெள்ளைத் துண்டுகளைக் கேட்டாய். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்று கொடுத்து, அவரவர் வீட்டுத் தண்ணியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, ஊர் பேரை எழுதிக் கொண்டுவரச் சொன்னாய். வகுப்பில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நூல் கட்டி எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிட்டாய். ஆற்றோரத்துப் பிள்ளைகளின் துணி டீ சிந்தின மாதிரி இருந்தது. பட்டறைக்குப் பக்கத்து வீட்டுத் துணி ரோஸ். லீவுக்கு அணைக்கட்டுப் பக்கம் அமராவதி நகரில் இருக்கும் அம்மாயி ஊட்டுக்குப் போயிருந்த ஒரு பெண், அங்கே நனைத்துக் கொண்டுவந்தது மட்டும் வெள்ளை. அந்தப் பெண் அதை நூலில் மாட்டுவதற்குத் தயங்கியதாம், தன்னுடையதில் எதுவும் வரவில்லையே என்று. நீ அதைச் சொல்லும்போதும் சிரித்தாய்.

ஆய்வுக்கு அதிகாரி வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நீ சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய் என்று நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். "டீச்சரு வேன்ல இருக்காங்கக்கா. சத்தம் போடாமக் குடுத்துட்டுப் போயிருங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற பள்ளிக்கூட வேனில் நீயும் இன்னும் மூன்று டீச்சர்களும் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். பி.எட். இல்லாதவர்களை ஆய்வு அன்றைக்கு வேனில் வைத்துவிடுவது அங்கே வழக்கமாம்.

"வாங்கம்மா, நாங்க டூர் போறோம்" என்றாய். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வேன் ஜன்னலிலிருந்து உன் வகுப்பு தெரிந்தது. நீ இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாய். அதிகாரி உன் வகுப்புக்குள் வந்தார். நூலில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். வெள்ளைத் துணிக்கு முன்னால் வந்ததும் நின்று அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். நீ கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. அவர் என்ன கேட்டார், பிள்ளைகள் என்ன சொன்னார்கள், எதுவும் நமக்குக் கேட்கவில்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் சொந்தப் பிள்ளையை வெளியில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, யார் செய்தது என்று கேட்டாராம். தாவரவியல் எடுக்கும் சாந்தி டீச்சர் பேரைச் சொல்லிவிட்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாளாம். பெரிய டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாளாம். கண்காட்சியில் இதை வைக்க வேண்டும், டீச்சரே வந்து விளக்கிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

சாயங்காலம் சாந்தி டீச்சர் நம் வாசலில் வந்து நின்றது. உள்ளே வரவில்லை.

"நான் கேட்டு வாங்கல அம்மிணி. அவியளே சொல்லிட்டாங்க."

"உள்ள வாங்கக்கா. எந்தத் துணி எந்த ஊருதுன்னு தெரியாம அங்க போயி நின்னீங்கன்னா மானம் போயிரும்" என்றாய் நீ.

பாயை விரித்து, எல்லாத் துணியையும் பரப்பி, சாயத்தில் என்ன உப்பு, அது மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது, கிணற்றுக்கு எப்படி வருகிறது என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தாய். நான் காபி போடுகிற சாக்கில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. டீச்சர் போன பிறகு உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ துணிகளை மடித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அக்காவுக்குப் பட்டியல்ல எடம் இருக்குது. எனக்குப் பாடம் தெரியுது. ரெண்டு பேரும் சேந்தாத்தாம்மா இங்க ஒரு டீச்சரு."

கண்காட்சி வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முதலில் டைபாய்டு என்றார்கள். கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். என்ன காய்ச்சல் என்று கடைசிவரைக்கும் ஒருவரும் பேர் சொல்லவில்லை. நான் யாரிடம் போய்க் கேட்பது? வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோரையும் கும்பிட்டேன். ஒருநாள் நீ கண்ணைத் திறந்து, "கமிட்டி கூடிருச்சாம்மா?" என்று கேட்டாய். "கூடும் கண்ணு" என்றேன்.

உன்னைக் கொண்டுவந்த அன்றைக்கு அண்ணன்தான் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்துத் தெருமுனையில் கட்டினார். பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த அந்தப் போட்டோ. கீழே உன் பேர். பேருக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி., பி.எட்., அதற்குக் கீழே ஆசிரியை. நான் மறுபடி மறுபடி படித்தேன்.

"அண்ணா, அவ பி.எட். படிக்கவே இல்லையே" என்றேன்.

"தெரியும். எழுதிப் போட்டா இப்ப எந்த ஆபீசர் வந்து செக் பண்ணப் போறான்?"

சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். யூனிபார்மோடு வந்த உன் பிள்ளைகள் அந்த ஃபிளெக்சுக்கு முன்னால் நின்று படித்தார்கள். சாந்தி டீச்சரும் படித்தது. ஒருத்தரும் தப்பு என்று சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, அந்தக் கமிட்டி என்ன ஆயிற்று என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். அண்ணன், இனி அது எதற்கு என்றார். எனக்கு வேண்டும் என்றேன். சாந்தி டீச்சர் நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தது. வெகுநேரம் காபியை ஆற்றிக்கொண்டே இருந்துவிட்டு, "நேர்ல வந்தா மட்டுந்தான் சொல்லுவாங்களாம்மா. சம்பந்தப்பட்டவங்களே வரோணுமாம்" என்றது.

அந்த ஃபிளெக்சைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீ பொய் நம்பர் எழுத மாட்டேன் என்று வேலையை வேண்டாமென்றவள். உன் பேருக்குப் பக்கத்தில் இல்லாத படிப்பு இருப்பது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அதனால் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டுகிற டிரிம்மரை ஒருநாள் எடுத்துவந்து, ஃபிளெக்சைத் தரையில் விரித்து, அந்த எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். டிரிம்மரை அதன்மேல் வைத்தும்விட்டேன். கை போகவில்லை கண்ணு. உனக்கு அந்த பி.எட்.டைக் கொடுத்த ஒரே இடம் அதுதானே. மறுபடி சுருட்டி வைத்துவிட்டேன். வெட்டுவதா வைத்திருப்பதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இப்போது எழுந்து போய்ப் பார்த்தேன். கொடியில் போட்ட துண்டு காய்ந்துவிட்டது. ஓரத்தில் லேசாக ரோஸ் ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடப் பையோடு வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க பெரியம்மா, இது எப்படிங்க இந்தக் கலராச்சு?" என்று கேட்டாள்.

உப்பு, மண், கிணறு என்று நீ அன்றைக்குப் பாயில் உட்கார்ந்து சொன்னதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. எதற்கு அப்புறம் எது என்று எனக்குக் கோக்கத் தெரியவில்லை. "டீச்சரைக் கேளு கண்ணு" என்றேன். அவள் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, உன்னைத் தேடுவது போல நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.