பயனாளி என்று யாரைச் சொன்னாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், கோபத்தைத் தவிர வேறு நோய் யாருக்கும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

அம்மா ஏன் போனை எடுப்பதில்லை என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறாயே, கேட்டுக்கொள். சமூக அக்கறையோடு தொழில் நடத்துவது எப்படி என்று போன வாரம் ஒரு கட்டுரை எழுதினாயே, அதை உன் கம்பெனிக்காக நம் பட்டறையில் துணிப்பைக்குக் கைப்பிடி தைக்கும் பெண் போனில் வைத்துச் சத்தமாக வாசித்தாள். பழைய துணியில் பை, லாபத்தில் பங்கு, உழைப்புக்கு மரியாதை என்று நீ அடுக்கியதையெல்லாம் மற்றப் பெண்களும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டார்கள். எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. கீழே பட்டறைப் படத்தைப் போட்டு ‘எங்கள் பயனாளிகள்’ என்று எழுதியிருந்தாய் பார், அங்கே வந்தது வினை. மெஷினெல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டது. வாசித்த பெண் என்னைப் பார்த்து, நாங்க இங்க வேலை செய்யுறோமா, இல்ல உங்க பொண்ணு போடுறத வாங்கிக்கிறோமா என்று கேட்டாள். அந்த வார்த்தைக்கு ஒரு வழி தெரியும் வரை ஒரு தையல்கூடப் போட மாட்டோம் என்று ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெளியூர் ஆர்டர் பாதியில் கிடக்கிறது, வாங்குகிறவர் காலையும் மாலையும் கூப்பிட்டு என் உயிரை எடுக்கிறார், இந்தச் சரக்கு போகாவிட்டால் இனி ஆர்டரே கிடையாதாம். மூச்சுக்கு மூச்சு மரியாதை என்று எழுதுகிறாயே, எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்க்க உனக்கு என்ன கேடு?

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் படத்தில் ஜன்னலோரம் குனிந்து ஜிப் வைத்துத் தைப்பது உன் அம்மா. பெற்றவளைக்கூடவா அடையாளம் தெரியவில்லை? உன் கம்பெனியின் முதல் பையைத் தைத்தவளே அவள்தான். இப்போது அவளும் அவர்களோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் என்னிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நான் உனக்குப் பரிந்து பேசிவிட்டேனாம்.

வார்த்தையை மாற்றிவிட்டேன் என்று மெசேஜ் தட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. யோசிக்காமல் எழுதியிருப்பாள், விடு என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கேன், ஆனா அவ வந்து என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ அந்த வார்த்தையச் சொல்லட்டும், முடியுதான்னு பாப்போம் என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது பாப்பா. டிக்கெட் போடு.

பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். நீ நீண்ட காலம் நன்றாக இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அம்மாவுடையதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அவளைக் கேட்காமலே.

இப்படிக்கு,
உன் அப்பா