பிந்திய பொதி

இன்று காலை அலுமாரியின் கீழ்த் தட்டை ஒழுங்குபடுத்தியபோது அந்த விமானத் தபால் உறை மறுபடியும் கைக்கு வந்தது. ஓரத்து நீலம் மங்கிவிட்டது. கல்முனைத் தபால் முத்திரை மட்டும் தெளிவாக இருக்கிறது. 18 மார்ச் 1999. வியாழக்கிழமை. உங்களுக்கு நான் எழுதிய கடிதம். இன்றுவரை எவரும் திறக்காதது.

1998 நவம்பரில் கொழும்பிலிருந்து ஒரு கலைச்சொற்பட்டியல் வேலையை நம் இருவரிடமும் ஒப்படைத்தார்கள். தொலைபேசிக் குரலைச் சிறு பொதிகளாக்கி இணையத்தின் வழியே அனுப்பும் புதிய முறைக்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டியிருந்தன. குரலைப் பொதியாக்கி உள்ளே விடும், வந்த பொதியைக் குரலாக்கி வெளியே விடும் கருவிக்கு நான் 'நுழைவாயில்' என்று எழுதினேன். நீங்கள் சிரித்தீர்கள். வயதில் இளையவர் என்பதால் என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்பீர்கள்.

"நுழைவாயில் அரசாங்கக் கச்சேரிக்குத்தான் இரிக்கும் காக்கா. நம்மட வீட்டு வளவுக்கு வேலிப் படலைதானே. போறதும் வாறதும் அதாலதான்."

"படலை, ஆடு வராம அடைக்கிறதுக்கு," என்றேன்.

டிசம்பரில் பட்டியல் கொழும்புக்குப் போயிற்று. தட்டச்சுச் செய்தவர் நீங்கள். பிரதி என் மேசைக்கு வந்தபோது முதற் பக்கத்திலேயே 'படலை' நின்றது. என்னைக் கேளாமல் மாற்றியிருந்தீர்கள். பெப்ரவரியில் நீங்கள் ரியாத்துக்கு, மகனிடம், போகும்வரை நான் உங்களோடு கதைக்கவில்லை. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றும் ஸலாமுக்கு மட்டும் பதில் சொன்னேன்.

மார்ச் 12, வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் மகனின் கணினியிலிருந்து என் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தீர்கள். நாம் பெயர் தேடிய அதே கருவிதான் நமக்கு நடுவில் இருந்தது.

"காக்கா, நாளைக்கு ஹஜ்ஜுக்கு வெளிக்கிடுறன். நான் செஞ்ச பிழையப் பொறுத்துக்கொள்ளுங்க."

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் கேட்டால் உடனே பொறுத்தேன் என்பதே நம் வழக்கம். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரே பொறுக்க வேண்டும் என்பதால்தான் கேட்கிறார்கள். எனக்கோ, அந்தப் பிழை எதுவென்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும் போலிருந்தது. பேசாதிருந்தேன்.

"கேக்குதா? ஒங்கட பதில் படலையில மாட்டிற்றுப் போல!"

உங்கள் சிரிப்பு என்னை மேலும் இறுக்கியது. இன்னும் சற்றுக் காக்கவைத்தேன். "ஓம், பொறுத்தன்," என்று நான் வாய் திறந்தபோது இணைப்பு அறுந்திருந்தது.

உங்கள் மகனின் இலக்கம் என் நாட்குறிப்பில் இருந்தது. நான் அழைக்கவில்லை. எழுத்தில் தருவதே முறை என்று எண்ணினேன். முதற் பிரதியில் திகதி பிழையாயிற்று. அடுத்ததில் மை சிந்தியது. இப்படி ஆறு நாட்கள். கடிதம் ரியாத் போய்ச் சேருமுன் மக்காவில் நெஞ்சுவலியால் மௌத்தாகிவிட்டீர்கள். "வாப்பா திறக்காததைத் திறக்க எனக்கு மனமில்லை மாமா" என்று ஒரு துண்டு வைத்து உங்கள் மகன் உறையைத் திருப்பி அனுப்பினார்.

நம் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் 'பிந்திய பொதி' என்றொரு சொல் உண்டு. நேரம் தவறி வருவதை மறுபக்கக் கருவி கேட்பவருக்குக் கொடுக்காது.

"அப்ப அது எங்க போகும் காக்கா?" என்று கேட்டீர்கள்.

"எங்கயும் போகாது," என்று உறுதியாகச் சொன்னவன் நான்.

இப்போது எவர் மன்னிப்புக் கேட்டாலும், கேட்டு முடிக்குமுன்னரே பொறுத்தேன் என்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உறையை நானும் திறக்கவில்லை. உள்ளே இருப்பது ஒரே வரி. திகதி சரியாக இருக்கிறது.