கண்ணாடி வச்ச பீரோ

அது கண்ணாடி வச்ச பீரோன்னு உனக்குத் தெரியாமலா போச்சு, பொடிசு? ரெண்டு வருஷம் என் கூட வீடு வீடா ஏறி இறங்குனவ நீ. கண்ணாடிக்கு முன்னாடி போனைத் தூக்கிப் பிடிச்சா உள்ள யார் நிக்கிறாங்கன்னு பாக்க மாட்டியா? சாமி கும்பிட உக்காந்து கண்ணை மூடுனாக்கூட இப்ப எனக்கு அந்தப் படம்தான் வருது.

சரி, முறையா எழுதணும். என் தம்பி பெத்த மக பொடிசுக்கு உன் அத்தை எழுதிக்கிறது. கடவுள் புண்ணியத்துல நானும் மாமாவும் நல்லா இருக்கோம். நீயும் நல்லா இருக்கணும், அதுல எனக்கு ரெண்டு மனசு இல்ல. மாமாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆகி பத்து நாள் ஆகுது. நாலு வேளை சொட்டு மருந்து விடணும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரேடியோ பக்கத்துல சினிமாக்காரர் மாதிரி உக்காந்திருக்கார். நான் லெட்டர் எழுதுறேன்னு தெரிஞ்சதும், "நீ போன்ல பேசுனாலே அந்தப் புள்ளைக்குக் காது வலிக்கும், லெட்டர்னா லீவு போட்டுல்ல படிக்கணும்"னு சிரிக்கிறார். என்ன பண்றது, நீதான் போனை எடுக்க மாட்டேங்குறியே. முதல்ல மணியாவது அடிச்சுச்சு. இப்ப அதுவும் இல்ல, ஒரு பொம்பள வந்து என்னமோ சொல்லிட்டு வச்சுடுறா.

இந்தத் தொழிலுக்கு நீ நடுவுல வந்தவ, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நீ பாத்ததில்ல. நான் ஆரம்பிச்சப்போ பழைய சாமான்னா அடிச்சுக்குவாங்க. புதுசாக் கல்யாணம் ஆகி ஒத்த ரூமுக்குக் குடி வர்றவங்க வீட்டு ஓனருக்கு அடுத்து என்னைத்தான் தேடி வருவாங்க. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு அடுப்பு, குடித்தனம் ஆரம்பம். மூடி இல்லாத மிக்சிக்குக்கூட "வேற யாருக்கும் குடுத்துடாதீங்கக்கா"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அப்புறம் தவணைக்குப் புதுசே கிடைக்க ஆரம்பிச்சுது. ஒரு கையெழுத்து போட்டா வாசல்ல கொண்டு வந்து இறக்குறான். நம்ம ஷெட்டுக்கு யார் வருவா? கட்டில் மேல பூனை குட்டி போட்டுச்சு, அந்தக் குட்டி வளந்து அதே கட்டில்ல அதுவும் குட்டி போட்டுச்சு. "பேசாம பூனை யாவாரத்துக்கு மாறிடு"ன்னு மாமா சொன்னார்.

அப்பத்தான் நீ வந்தே. காலேஜ் முடிச்சு வேலை கிடைக்கலன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, ஒரு பையும் ஒரு போனுமா. கடவுளே அனுப்பி வச்ச புள்ளன்னுதான் நெனச்சேன். மாசக்கணக்கா கிடந்த மேசை மூணு நாள்ல போச்சு. அந்த மர நாற்காலிக்கு நான் பெயிண்ட் அடிக்கப் போனப்போ ப்ரஷ்ஷைப் பிடுங்குனியே, ஞாபகம் இருக்கா? "அத்தை, அந்தக் கீறலுக்குத்தான் காசு குடுக்குறாங்க, கெடுத்துடாதீங்க"ன்னே. கீறலுக்குக் காசு குடுக்குற காலத்தையும் பாத்துட்டோமேன்னு சிரிச்சேன். பழசுக்கு மறுபடி ஒரு மதிப்பு வந்துச்சு, அது உன்னாலதான். நான் மறக்கல.

ஆனா அதே போன்தான் அடுத்த வருஷம் என் காலை வாரிச்சு. அவங்கவங்க சாமானை அவங்கவங்களே படம் பிடிச்சுப் போட்டு வித்துக்குறாங்க, நடுவுல அத்தை எதுக்கு? ஷெட்டு வாசல்ல உக்காந்து ஒரு நாள் பூரா யோசிச்சேன். இன்னும் என்னைக் கூப்பிடுறது யாருன்னு பாத்தா, விக்கிறது வெளிய தெரியக் கூடாதுன்னு நெனக்கிறவங்க மட்டும்தான். வேலை போனவங்க, வீட்டுல பிரச்சனை உள்ளவங்க, நேத்து வரைக்கும் நாலு பேருக்குக் குடுத்துப் பழகுன கை. அவங்களால படம் போட்டு விக்க முடியாது. என் கிட்ட மிச்சம் இருந்த யாவாரமே நான் வாயை மூடிக்கிட்டு இருக்குறது தான்.

நான் வாயாடிதான். குழாயடியில நின்னா மூணு குடம் வழிஞ்சாலும் என் பேச்சு முடியாது. ஆனா எந்தச் சாமான் எந்த வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு இருபத்தேழு வருஷத்துல என் வாயிலேர்ந்து வந்ததில்ல. மாமாவுக்கே தெரியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் எடுத்ததை அந்தப் பக்கம்தான் விப்பேன், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கம். மத்தியானம் தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்குற நேரமாப் பாத்து வண்டிக்காரரைக் கூட்டிட்டுப் போவேன். பெட்ஷீட்டைப் போத்தி, கயிறு கட்டி, யாராவது எட்டிப் பாத்தா "ரிப்பேருக்குப் போகுது"ன்னு சொல்லுவேன். அந்த ஒரு பொய்க்கு தினமும் சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்குவேன். இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுத்தேனா இல்லையா? படம் எடுக்குறதுன்னா ஷெட்டுக்கு வந்தப்புறம், தொடச்சு, பின்னாடி வெள்ளைத் துணி கட்டி எடுன்னு சொன்னேனா இல்லையா? அதுக்கு நீ என்ன சொன்னே? "உங்க தொழில் செத்து நாளாச்சு அத்தை, நீங்கதான் இன்னும் அதுக்குப் பெட்ஷீட் போத்திக்கிட்டு இருக்கீங்க"ன்னே. அன்னிக்கு விளையாட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

வாசல்ல பச்சை கேட்டு போட்ட வீட்டம்மா கதை உனக்கு முழுசாத் தெரியும். உன் முன்னாடிதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. வீட்டுக்காரருக்கு வேலை போய் நாலு மாசம். அந்த மனுஷன் தினமும் காலையில சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஆபீசுக்குப் போற மாதிரி கிளம்பி, லைப்ரரியில உக்காந்துட்டு சாயங்காலம் வருவார். கூட இருக்குற மாமியாருக்குக்கூட விஷயம் தெரியாது. பீரோ ரிப்பேருக்குப் போகுதுன்னு அந்தக் கிழவியை நம்ப வைக்கிறது என் பொறுப்புன்னு நான் வாக்குக் குடுத்தேன்.

நீ ஊருக்குப் போயிட்டு ரெண்டே நாள்ல வந்துடுறேன்னு பையைத் தூக்கிக்கிட்டுப் போனே. மறுநாள் நம்ம தெரு தையல்காரர் பொண்டாட்டி போனை எடுத்துக்கிட்டு ஓடி வர்றா. "அக்கா, இது பச்சை கேட்டு அம்மா தானே?" நீ விக்கப் போட்ட பீரோ படம். கண்ணாடிக்குள்ள அந்தம்மா, வெளுத்துப் போன நைட்டியில, தலை சீவாம, அழுது வீங்குன கண்ணோட. ஓரத்துல திரையைப் பிடிச்சுக்கிட்டு யாரோ ஒருத்தர் கை. கீழ எழுதியிருந்ததை அவளே படிச்சா: "குடும்பக் கஷ்டம். அவசர விற்பனை. விலை பேசிக்கலாம்." அவளுக்கே தெரிஞ்சுட்டா அப்புறம் தெருவுல யாருக்குத் தெரியாம இருக்கும்?

அடுத்த நாள் காலையில அந்த மனுஷன் டப்பாவோட கேட்டைத் திறந்துருக்கார். எதிர் வீட்டுக்காரர், "இன்னிக்கு எந்த ஆபீசு சார்?"னு கேட்டுருக்கார். வந்த கால் அப்படியே திரும்பி உள்ள போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அவர் வாசலுக்கு வரல.

நான் ஓடினேன். செருப்புகூட ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கிட்டு ஓடினேன். உனக்காகத்தாண்டி பேசினேன். சின்னப் புள்ள, கண்ணாடியைக் கவனிச்சிருக்க மாட்டா, தெரியாம நடந்துடுச்சுன்னு சொன்னேன். "நான் அந்தாண்ட உங்க மாமியாருக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன், படம் எடுத்ததே எனக்குத் தெரியாதுங்க, நான் கும்பிடுற சாமி மேல சத்தியம்"னு சொன்னேன். அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல. என் முகத்தைக்கூடப் பாக்கல. என் கையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில, "பீரோவை எடுத்துட்டுப் போயிடுங்க, பெட்ஷீட்டெல்லாம் வேணாம், அதான் எல்லாரும் பாத்துட்டாங்களே"ன்னாங்க. இருபத்தேழு வருஷத்துல முதல் தடவையா ஒரு சாமான் தெருவுல அம்மணமாப் போச்சு. ஷெட்டுல கண்ணாடியைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன். விக்க மனசு வரல.

அது வரைக்கும் தெரியாம நடந்த தப்புன்னுதான் நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். பத்து நாள் கழிச்சு தையல்காரர் பொண்டாட்டி மறுபடி போனோட வந்தா. இந்தத் தடவை சிரிப்போட. "அக்கா, நீங்க அவ்வளவு பெரிய ஊர்ல கடை போட்டுட்டு எங்ககிட்ட சொல்லவே இல்லியே!" பாத்தா, அங்க நீ போட்ட கடை போர்டுல என் மூஞ்சி. போன வருஷம் ஷெட்டு வாசல்ல நான் பல்லு தெரிய சிரிச்சுக்கிட்டு இருந்தேனே, அந்தப் படம். "அத்தை கடை. இருபத்தேழு வருஷ நம்பிக்கை." இந்த லெட்டருக்கு விலாசமே அந்த போர்டுலேர்ந்துதான் எழுதிக்கிட்டேன். மத்த படத்தையெல்லாம் அவ தள்ளித் தள்ளிக் காட்டினா. ஒரு ஃப்ரிட்ஜ் பின்னாடி சுவத்துல புள்ளைங்க உயரம் குறிச்ச கோடு. ஒரு கட்டில் பக்கத்துல வீல் சேர். எல்லாத்துக்குக் கீழயும் யாரோ ஒருத்தர் கஷ்டம் எழுதியிருக்கு. ஒரு படம்னா கவனிக்கலன்னு சொல்லலாம். அத்தனையுமா கவனிக்காம விட்டே? கீறலுக்குக் காசுன்னு சொன்னவதானே நீ. மனுஷன் கீறலுக்கும் காசு உண்டுன்னு கண்டுபிடிச்சுட்டே போல.

அதெல்லாம் எந்த வீட்டுச் சாமான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வண்டிக்காரர்கிட்ட கேட்டேன். முதல்ல மென்னு முழுங்கினார், அப்புறம் சொன்னார். போறதுக்கு முன்னாடி நாலு வீட்டுக்கு நீயே போயிருக்கே, "அத்தை அனுப்புனாங்க"ன்னு சொல்லி. என் பேரைச் சொன்னதும் கதவைத் திறந்துட்டாங்க. அந்தக் கதவெல்லாம் இப்ப எனக்குத் திறக்குறதில்ல. ஜன்னல் வழியாப் பாத்துட்டு, வீட்டுல யாரும் இல்லன்னு உள்ளேர்ந்தே சொல்றாங்க. கடை வேணும்னு நீ கேட்டிருந்தா நான் மறுத்திருப்பேனா? எனக்கென்ன புள்ளையா குட்டியா, உனக்குத்தானே எல்லாம்? கேக்காம எடுத்துட்டுப் போனியே, அதுதான் நெஞ்சுல நிக்குது. உங்க அப்பனுக்கு இதுவரைக்கும் எதுவும் சொல்லல. அவன் போன் பண்ணா, பொடிசு நல்லா இருக்காடான்னு சொல்லி வச்சுடுறேன். அதுக்கும் சேத்துதான் சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கேன்.

இப்ப நான் மாமாவுக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி கேன்டீன்ல பாத்திரம் கழுவப் போறேன். பரவால்ல, கை ஓடுது, வாயும் ஓடுது. எனக்காக ஒண்ணும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு பண்ணு. அந்தப் படம் இன்னும் போன்ல அப்படியே இருக்காம். பீரோ இருக்கான்னு தினமும் யாரோ கேட்டு எழுதுறாங்களாம், தையல்காரர் பொண்டாட்டி படிச்சுக் காட்டுறா. அதை எப்படி எடுக்குறதுன்னு அவளுக்கும் தெரியல, நீதான் எடுக்கணுமாம். போர்டுல என் மூஞ்சி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அந்தம்மா மூஞ்சியை எடுத்துடு. அந்த மனுஷன் ஒரு நாளாவது கேட்டைத் தாண்டி வெளிய வரணும்.

வேளைக்குச் சாப்பிடு. கடைக்கு நல்ல பூட்டாப் போடு, ஊர் கெட்டுக் கிடக்கு. உன்னைத் திட்டணும்னுதான் பேனாவை எடுத்தேன், நடுவுல சாமிகிட்ட உனக்காக வேண்டிக்கிட்டும் இருந்துருக்கேன், ரெண்டும் கலந்துதான் வந்துருக்கும். நீ நல்லா இரு. நாலு பேர் உன்னை நம்பிக் கதவைத் திறக்குற மாதிரி இரு.

உன் நெனப்பாவே இருக்குற
அத்தை

லெட்டரை மடிச்சு வச்சுட்டு மாமாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருந்தேன். பாதியில கை நின்னுடுச்சு. மறுபடி பிரிச்சு எழுதுறேன். நீ படம் எடுத்த அன்னிக்குப் பச்சை கேட்டு மாமியார் வீட்டுலயே இல்ல பொடிசு. அவங்களும் கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாங்க. அவங்ககிட்ட நான் உக்காந்து பேசுனது அதுக்கு முந்தின நாள். நீ படம் எடுத்தப்போ நான் அந்த ரூம்லதான் இருந்தேன். வண்டியில ஏறுமான்னு அளவு பாக்க ஒரு படம்னு சொன்னே. "இருட்டா இருக்கு அத்தை"ன்னே. அளவு பாக்க வெளிச்சம் எதுக்குடின்னு நான் கேக்கல. ஜன்னல் திரையை ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்.