பெரட்டுக்கு வராத பேர்

இரத்தோட்டை,
12.08.2007

அன்பான பாப்பம்மாவுக்கு,

நான் சுகம். உன் குவைத்து வெயில் எப்படி? டாக்டர் காதுக்கு மேல ஓடுற ரத்தக்குழாய எடுத்து மூளைக்குள்ள தெச்சுவிட்டாரே, அதுல விரல் வெச்சா இப்பவும் துடிக்குது. தலைப்பாவ இறுக்கக் கூடாதாம். தளர்த்திக் கட்டினா காத்துல பறந்து தேயிலைக்குள்ள விழுந்துடுது. கை மரமரப்பு போயிருச்சு. தேங்காயே துருவுறேன், நம்பு.

பேருதான் வர மாட்டேங்குது. திங்கக்கிழமை திரும்பவும் கங்காணி வேலைக்குப் போனேன். விடியக்காலைப் பெரட்டுல ஆளுகள நிக்க வெச்சு, பேப்பர் பார்க்காம பேர் கூப்பிடுறதுதானே நம்ம வழக்கம்? பாதியில “பாப்பம்மா!”ன்னு கூப்பிட்டுட்டேன். பொம்பளைங்க குலுங்கிச் சிரிச்சாங்க. தோட்டத்துத் தொரை சிரிக்கல. தீபாவளி வரைக்கும் பார்ப்பாராம், சரிவரலேன்னா வேற கங்காணியாம்.

அன்புடன்,
செல்லச்சாமி

குவைத்,
03.09.2007

அன்புள்ள மச்சானுக்கு,

சிரிச்சவளுக யாரு? வந்து பேசிக்கிறேன். ஆபரேசனுக்கு முந்தியே கல்யாண நாள மறந்த ஆளு நீங்க, அதுக்கு டாக்டர குத்தம் சொல்லாதீங்க.

ஆனா உண்மையச் சொல்லுங்க. நான் வெளிநாட்டுல இருக்குறதே மறந்துபோச்சா? கடிதத்த நாலு தடவ படிச்சுட்டேன். மார்கழியோட என் ஒப்பந்தம் முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு மேடம் கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?

உங்க பாப்பம்மா

இரத்தோட்டை,
10.11.2007

அடி பைத்தியக்காரி,

மறக்கல! மூஞ்சியப் பார்த்தா பேர் வர மாட்டேங்குது. அதனால மனசுக்குள்ள லயத்து வீடுக வாசல் வாசலா நடந்துபோய்ப் பேர் கூப்பிடுறேன். நம்ம வாசல் வந்ததும் உன் பேரச் சொன்னாத்தான் அடுத்த வாசலு வேலம்மா வர்றா. உன்ன விட்டா அதுக்கப்புறம் ஒருத்தி பேரும் வராது. இப்ப உன் பேர மட்டும் வாய்க்குள்ள சொல்லிக்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் தொரை முன்னால ஒரு பேரும் தப்பல. “நடுவுல என்னா முணுமுணுப்பு?”ன்னு கேட்டார். சொன்னேன். சிரிச்சுட்டார். வேலை எனக்குத்தான்!

கிளினிக் போகையில செக்பொயிண்டுல ஆமிக்காரங்க பேர் கேட்டாங்க. என் பேர் பட்டுன்னு வந்துருச்சு, ஆண்டவன் புண்ணியம்.

மேடத்துக்கு என்ன சொல்றதுங்கிறது உன் இஷ்டம். ஆனா வீடு வெறிச்சுனு கிடக்குதுடி.

செல்லச்சாமி

குவைத்,
02.12.2007

மச்சான்,

மேடத்துக்கிட்ட முடியாதுன்னுட்டேன். மார்கழி கடைசியில வர்றேன். மறுநாள் விடியவே பெரட்டுல வந்து நிப்பேன். என் பேர வாய்க்குள்ள முணுமுணுக்கிற வேலையெல்லாம் வேணாம். எல்லா லயத்துக்கும் கேக்குற மாதிரி கூப்பிடணும். சிரிச்சவளுக காதுல நல்லா விழட்டும்.

நான் “இந்தா இருக்கேன்”னு சொன்ன பொறவு வேலம்மாவக் கூப்பிட்டாப் போதும்.

உங்க பாப்பம்மா