தேயாத ஜாய்ஸ்டிக்

ஏங்க,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் குட்டி ஸ்க்ரூக்களைப் போன தடவை மாதிரி உப்பு டப்பாவில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நாலு மணிக்குப் பல் டாக்டர் வருவார். பச்சை ஜாய்ஸ்டிக் அவருடையது, ரிப்பேர் முடிந்தது, கொடுத்துவிடுங்கள்.

"ஊர்ல இருக்கிற ஜாய்ஸ்டிக்கையெல்லாம் சரி பண்ற, என்கூட ஒரு ஆட்டமாவது ஆடியிருக்கியா?" என்று நேற்றுக் கேட்டீர்களே. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். காலையில் நம்முடைய பழைய ஜாய்ஸ்டிக் ஜோடியைத் திறந்து பார்த்தேன். உங்களுடையதில் இடப்பக்கத் தகடு தேய்ந்து வளைந்து கிடக்கிறது. என்னுடையதில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டையும் டிவியில் மாட்டி, நம் பழைய கப்பல் விளையாட்டைப் போட்டேன். உங்கள் கப்பல் யாரும் தொடாமலே இடப்பக்கமாக மிதந்து மிதந்து போனது. என்னுடையது நகராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. நானும்தான், காபி ஆறிப்போகும்வரை.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன். ஆடலாம்.

கீழே கொஞ்சம் இடமிருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன்: என்னுடையதைத் துடைத்து வைத்துவிட்டேன். உங்கள் தகட்டை மட்டும் வேண்டுமென்றேதான் மாற்றவில்லை. பன்னிரண்டு வருஷம் தனியாக ஆடிப் பழகியவரை நான் வேறு எப்படி ஜெயிப்பதாம்?