மைனாவின் இடம்

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். கோழிக் கிறுக்கலாக இருக்கிறதே என்று சிரிக்காதே. பேனாவை ஐந்து விரலாலும் பிடித்து எழுதுகிறேன்.

வலது கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப் போய்விட்டன. மழைக்காலத்தில் தொடங்கியது. கம்பெனியில் எங்கள் லைனில் செல்போன்கள் பெல்ட்டில் நகர்ந்து வரும். என் இடத்தில் நான்கு திருகாணி போட வேண்டும். ஒவ்வொன்றும் கடுகளவுதான்; நாள் முழுக்க அதைத் திருகித் திருகித்தான் விரல் இப்படி ஆனது. நான் இரண்டைப் போடுவதற்குள் போன் நகர்ந்துவிடும். மீதி இரண்டை அடுத்து நிற்பவள்தான் இத்தனை நாளும் போட்டாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு மைனா என்று பெயர். தன் வேலையையும் என் வேலையையும் செய்துகொண்டே என்னைக் கிண்டலும் செய்வாள். நாளைக்கு உன் புருஷன் சட்டைக்கும் நான்தான் வந்து பட்டன் தைக்கணுமாடி என்பாள். பெல்ட்டைப் பார்த்தபடியே இரண்டு பேரும் சிரிப்போம்.

திங்கட்கிழமை முதல் மைனாவை வேறு லைனுக்கு மாற்றுகிறார்கள். அவள் அழுதாள், நான் தேற்றினேன். கூத்தைப் பார்!

புதிதாக வருகிறவள் என் வேலையையும் சேர்த்து ஏன் செய்யப் போகிறாள்? திருகாணி குறைந்த போன்கள் சோதிக்கும் மேசைக்குப் போனதும் என் குட்டு உடைந்துவிடும். அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். உன் படிப்பும் அம்மாவின் மருந்தும் இந்த வேலையில்தான் ஓடுகின்றன. இந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் நிற்பேன்? எனக்கு ஒரு வழியும் தெரியவில்லையடி.

இன்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். மைனா இடத்துக்கு ஆள் வேணும், வீட்டுல கை சுறுசுறுப்பா தங்கச்சி கிங்கச்சி இருந்தா உடனே வரச் சொல்லும்மா என்றார். படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ எத்தனை முறை கெஞ்சியிருக்கிறாய்! நீ வந்தால் என் இரண்டு திருகாணியையும் நீயே போட்டுவிடுவாய். என் வேலை தப்பிக்கும். ஒரு நிமிடம், லைனில் நாங்கள் போடும் தொப்பியை மனசுக்குள் உனக்கு மாட்டி என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது.

நான் ஒற்றைப் பிள்ளை, எனக்குத் தங்கையே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. என்றைக்காவது நான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் ஒன்றும் கேட்காமல் கதவைத் திற. விரலைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், பத்து விரலோடும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா