அவா வந்தாலும் வந்தா

ஆக. 7, 1999. சனி

வெயில். சாயங்காலம் மழை என்று ஒரு பாவ்லா. மந்தைவெளி பிரவுசிங் சென்டர். 'கே' (gay) பையன்களின் சாட் ரூம். வீட்டில் செ. பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று கேட்டேன். (செ. = செபாஸ்டியன், சாந்தோம். இதே ரூமில் கிடைத்தவன். என்னவன்.) 'அடையாறு' என்ற பெயரில் வருகிறவன் யோசனை: "அவன்னு சொல்லாத மச்சி, அவங்கன்னு சொல்லு. ஆணா பொண்ணான்னே தெரியாது. நான் அப்டித்தான் ஓட்டிக்கினு கீறேன்."

கெட்டிக்காரன். எங்கள் வீட்டில் அவங்க இல்லை, அவா. பார்ப்போம்.

ஆக. 9, திங்கள்

வண்டி பங்க்சர். இஸ்திரித் துணி வரவில்லை. செ. போன். நல்லவேளை நான் எடுத்தேன்.

"யாருடா?"

"ஃப்ரெண்டும்மா. சினிமாக்குக் கூப்பிட்டா."

ராத்திரி பாயசம். என்ன விசேஷமோ.

ஆக. 11, புதன்

விசேஷம் தெரிந்தது. அம்மா எதிர் ஃபிளாட் மாமியிடம்: "கூப்பிட்டா, சொன்னான்னு ஒரே அவ பேச்சுதான். நம்மவா இல்லேன்னாலும் பரவாயில்லை மாமி. அவன் சந்தோஷமா இருந்தாப் போறும்."

அட ராமா. எங்கள் பேச்சில் அவா வந்தாலும் 'வந்தா'தான், அவ வந்தாலும் 'வந்தா'தான். அடையாறுக்கு இது தெரிய நியாயமில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு. சிரிப்புதான் வந்தது முதலில். பிறகு, அம்மா இவ்வளவு இறங்கி வந்திருக்கிறாளே என்று சிரிப்பு நின்றது.

ஆக. 12, வியாழன்

சாட். அடையாறு: "சூப்பரு! அப்டியே மெயின்டெயின் பண்ணு." இன்னொருவன், கே.கே. நகர்: "இல்லாத மருமகளை அம்மா எத்தினி நாள் நெனைச்சுக்கினு இருப்பாங்க?" விண்டோவை மூடிவிட்டேன். பயம்.

பல் டாக்டர், சனிக்கிழமை. மறக்கக் கூடாது.

ஆக. 15, ஞாயிறு

புழுக்கம். கொடியேற்றம் டி.வி.யில். அப்பா சபாவுக்கு. அம்மா வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, "அவளை ஒரு நாள் ஆத்துக்கு அழைச்சிண்டு வாயேன்."

"அவ இல்லம்மா. அவன்."

"சிநேகிதனா?"

"நீ நெனைச்சிண்டிருக்கியே, அதேதான். ஆனா அவன்."

அம்மா பாதி வாழைக்காயை அப்படியே வைத்தாள். குக்கர் கத்தியது. போய் அணைத்துவிட்டு உள்ளேயே நின்றாள். நானும் போகவில்லை.

பிறகு அங்கிருந்தே, "அப்பாகிட்ட நீ வாயைத் திறக்காதே. நான் சொல்லிக்கறேன்."

எப்போது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.